ஹெர்மிஸ் விமானந்தாங்கியை 1/350 அளவில் கட்டுவது எப்படி: மட்டக்களப்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் இருந்துகொண்டு போர்க்கப்பல் மாதிரி செய்ய ஆசைப்படுபவர் எந்தக் கப்பலைச் செய்வது என்று அதிகம் யோசிக்கத் தேவையில்லை. நம் கரையிலிருந்து சுமார் ஐந்து கடல் மைல் தூரத்தில், ஐம்பது மீட்டர் அளவு ஆழத்தில், எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1918 ஜனவரியில் இங்கிலாந்தில் வேலை தொடங்கியது. 1919 செப்டெம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். அப்புறம் வேலை இழுபட்டு 1924இல்தான் சேவைக்கு வந்தது. அதற்குள் ஜப்பானின் ஹோஷோ என்ற விமானந்தாங்கி சேவைக்கு வந்து முந்திக்கொண்டது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி அதே ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் ஹெர்மிஸை நம் கடலில் மூழ்கடித்தன. கப்பலின் தலைவர் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள்.

ஜப்பானின் அவோஷிமா நிறுவனம் 1/700 அளவில், பாகங்களை எடுத்து ஒட்டிச் சேர்க்கும் ஹெர்மிஸ் பெட்டி வெளியிட்டிருக்கிறது. முடித்தால் 26 சென்ரிமீற்றர் நீளம் வரும். முதல்முறையாகச் செய்பவர் அதிலிருந்து தொடங்குவது நல்லது. இங்கே நான் சொல்லப்போவது பெட்டி இல்லாமல், முழுவதையும் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு 1/350 அளவில் கட்டும் முறை. மாலை நேரங்களில் மட்டும் உட்காருபவருக்கு ஒரு வருடம் போகலாம். அவசரப்பட்டால் இந்த வேலை சரிவராது.

முதலில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்

எந்தக் கப்பல் என்று முடிவு செய்தால் மட்டும் போதாது. எந்த நாளின் கப்பல் என்றும் முடிவு செய்ய வேண்டும். ஹெர்மிஸ் பதினெட்டு வருடங்கள் சேவையில் இருந்தது. 1930களில் சீனக் கடலில் இருந்தபோது அதற்கு ஒரு தோற்றம். 1940 ஜூலையில் மேற்கு ஆபிரிக்காவின் டாக்காரில் பிரெஞ்சுக் கப்பல் ரிஷெலியுவைத் தாக்கியபோது இன்னொரு தோற்றம். 1941 கடைசியில் தென்னாபிரிக்காவின் சைமன்ஸ்டவுனில் பழுதுபார்த்துத் திரும்பிய பிறகு வேறு தோற்றம். துப்பாக்கி மேடைகள், கொடிக்கம்பங்கள், படகுகள், வர்ணம் எல்லாமே இடையில் மாறின. 1930இல் எடுத்த படத்தைப் பார்த்துக் கோபுரத்தையும், 1942 படத்தைப் பார்த்துப் பக்கங்களையும் செய்தால், எந்த நாளிலும் கடலில் மிதக்காத ஒரு கப்பல்தான் கிடைக்கும்.

நம் ஊரில் இருந்து செய்பவருக்கு 1942 ஏப்ரல் 9 காலைதான் பொருத்தமான நாள். நிமிடக் கணக்கில் தெரிந்த நாளும் அதுதான். திருகோணமலைத் துறைமுகம் தாக்கப்படலாம் என்று தகவல் வந்ததும், முதல் நாள் இரவே ஹெர்மிஸும் அவுஸ்திரேலிய நாசகாரி வாம்பயரும் துறைமுகத்தை விட்டு வெளியேறித் தெற்கே வந்தன. காலையில் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அவற்றைக் கண்டுவிட்டது. திருகோணமலையின் போர்விமானப் பாதுகாப்புக்குள் வரும்படி உத்தரவு வந்து, இரண்டும் மீண்டும் வடக்கே திரும்பின. பத்தரை மணியளவில் குண்டுவீச்சு தொடங்கியது. அரை மணித்தியாலம் ஆவதற்குள் ஹெர்மிஸ் மூழ்கிவிட்டது.

இந்த நாளைத் தேர்ந்தெடுத்தவுடன் பல கேள்விகளுக்குத் தானாகவே பதில் கிடைக்கும். முதலாவது, விமானத்தளத்தில் விமானம் எதுவும் வைக்கக்கூடாது. ஹெர்மிஸின் சுவோர்ட்ஃபிஷ் விமானங்கள் அன்று கரையில் இருந்தன. வெறும் தளத்தோடுதான் அது கடலில் நின்றது. விமானந்தாங்கி என்றால் விமானம் இருக்க வேண்டாமா என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் காலையில் நடந்ததை அந்த வெறும் தளத்தைவிடத் தெளிவாகச் சொல்ல வேறொன்றும் இல்லை. நான்கு விமானங்களை அழகுக்காக வைத்தால் அந்த நாளையே மாற்றி எழுதியதாகிவிடும்.

அளவுகளும் வரைபடமும்

கப்பலின் முழு நீளம் 182.9 மீட்டர். உடற்பகுதியின் அகலம் 21.4 மீட்டர். முழுச் சுமையில் நீருக்குள் இருக்கும் ஆழம் சுமார் 7.1 மீட்டர். 350ஆல் வகுத்தால் நீளம் 52.3 சென்ரிமீற்றர், அகலம் 6.1 சென்ரிமீற்றர், நீருக்குள் இருப்பது 2 சென்ரிமீற்றர். ஒரு மனிதன் 5 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வருவான். இந்த மனித அளவை ஒரு தடித்த தாளில் வெட்டி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு, ஏணி, கைப்பிடிக் கம்பி என்று எதைச் செய்தாலும் அதன் பக்கத்தில் அந்தத் தாள் மனிதனை நிறுத்திப் பாருங்கள். அளவு பிழைத்தால் உடனே கண்ணில் படும்.

பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் பழைய வரைபடங்கள் லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாதிரி செய்பவர்களுக்காக வரைந்து விற்கப்படும் வரைபடங்களும் உண்டு. எதை வாங்கினாலும் மூன்று பார்வைகள் அவசியம்: பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்குவெட்டுக்கள். குறுக்குவெட்டு இல்லாத வரைபடத்தை நம்பிப் பலகை வெட்டாதீர்கள். முன்பகுதியின் வளைவு அதில் மட்டும்தான் தெரியும்.

போட்டோக்கொப்பிக் கடையில் அளவை மாற்றி எடுக்கும்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள். வரைபடத்தின் ஓரத்தில் நீளவாட்டில் 10 சென்ரிமீற்றர், அகலவாட்டில் 10 சென்ரிமீற்றர் என இரண்டு கோடுகள் வரைந்துவிட்டுக் கொப்பி எடுங்கள். வந்த தாளில் இரண்டையும் உலோக அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். பல இயந்திரங்கள் தாள் ஓடும் திசையில் சற்று இழுத்துவிடும். 52 சென்ரிமீற்றர் நீளத்தில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தாலும் 5 மில்லிமீற்றர் போய்விடும். பக்கத் தோற்றமும் மேல் தோற்றமும் பிறகு ஒன்றோடொன்று பொருந்தாது.

உடற்பகுதிக்கு எந்தப் பலகை

பலரும் எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அல்லது பிளைவுட் என்பார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் நமக்கு இரண்டுமே சரிவராது என்பது என் கருத்து. மாரி காலத்து ஈரத்தில் எம்.டி.எஃப். ஊதும், மெல்லிய பிளைவுட் முறுக்கும். கார்த்திகையில் நேராக இருந்த விமானத்தளம் தையில் வளைந்து நிற்கும். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் பயன்படுத்தும் வெள்ளை பி.வி.சி. ஃபோம் ஷீட் இருக்கிறதே, அதுதான் நமக்குத் தோதான பொருள். ஈரத்தை உறிஞ்சாது, கட்டர் கத்தியால் வெட்டலாம், சாண்ட் பேப்பருக்கு நன்றாக இணங்கும். கடைக்காரர்கள் வெட்டிக் கழித்த துண்டுகளைக் கேட்டால் மலிவாகத் தருவார்கள். 3 மில்லிமீற்றர் தடிப்பில் வாங்குங்கள்.

கட்டும் முறை அடுக்கு முறை. கப்பலைக் கிடையாகச் சீவிய தட்டுக்களாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் அளவில் 3 மில்லிமீற்றர் தட்டு ஒன்று உண்மைக் கப்பலில் 1.05 மீட்டர் உயரம். குறுக்குவெட்டு வரைபடத்தில் 3 மில்லிமீற்றருக்கு ஒரு கிடைக்கோடு போட்டு, ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு வெட்டுமுகத்தில் எங்கே தொடுகிறது என்று அளந்து, அந்த அகலங்களை மேல் தோற்றத்தில் குறித்து வளைகோட்டால் இணைத்தால் ஒரு தட்டின் வடிவம் கிடைக்கும். இந்தக் கணக்கு வேலைக்கு ஒரு முழு வாரத்தை ஒதுக்குங்கள். கத்தியைத் தொடுவதற்கு முன் தாளில் முடித்துவிட வேண்டிய வேலை இது.

நீருக்குக் கீழுள்ள பகுதியைச் செய்ய வேண்டாம் என்று சொல்வேன். நாம் செய்வது கடலில் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல். நீர்மட்டத்திலிருந்து மேலே மட்டும் கட்டினால் போதும். இரண்டு சுழலிகளும் சுக்கானும் எப்படியும் கண்ணுக்குத் தெரியாது.

ஒவ்வொரு தட்டின் நடுவிலும் நீளக்கோடு ஒன்று இருக்க வேண்டும். அந்தக் கோட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு துளைகள் போட்டு, எல்லாத் தட்டுக்களையும் இரண்டு கம்பிகளில் கோர்த்து ஒட்டினால் ஒன்றும் நகராது. ஒட்டுவதற்குத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பைப் கம் போதும். மெல்லியதாகப் பூசி, சமதளமான கண்ணாடித் துண்டில் வைத்துப் பாரம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். கதவு யன்னல் திறந்திருக்கட்டும்.

தட்டுக்கள் ஒட்டியதும் படிக்கட்டு மாதிரி ஒரு கட்டை நிற்கும். அந்தப் படிகளை 80 நம்பர் சாண்ட் பேப்பரால் இறக்கி, 180, 320 என்று போக வேண்டும். பேப்பரை விரலால் பிடித்துத் தேய்த்தால் மேற்பரப்பு அலை அலையாகிவிடும். ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு தேய்க்கவேண்டும். தூசு நுரையீரலுக்குக் கெடுதி, முகக்கவசம் கட்டாயம். தேய்ப்பதை எங்கே நிறுத்துவது என்று கண் சொல்லாது, மட்டை அச்சுத்தான் சொல்லும். ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் தடித்த மட்டையில் ஓர் அச்சு வெட்டி, பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளியில் வெளிச்சம் தெரியும் இடம் தாழ்ந்திருக்கிறது. அச்சு முட்டும் இடம் உயர்ந்திருக்கிறது. தாழ்ந்த இடத்துக்குக் கார் வேலை செய்யும் கடைகளில் விற்கும் புட்டியைப் பூசித் திரும்பத் தேயுங்கள்.

ஹெர்மிஸின் அடையாளமே அதன் முன்பகுதிதான். நீர்மட்டத்தில் கத்தி மாதிரி மெலிந்து தொடங்கும் முகப்பு மேலே போகப்போக இரண்டு பக்கமும் விரிந்து, இடைவெளி இல்லாமல் விமானத்தளத்தோடு சேர்ந்துவிடும். இந்த விரிவைக் குறைத்துச் செய்தால் கப்பல் சாதாரணச் சரக்குக் கப்பலாகத் தெரியும். முன்பகுதிக்கு மட்டும் மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு அச்சுக்கள் வெட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கம் வேறு மாதிரி: விமானத்தளம் மேலே நீண்டு நிற்க, அதன் கீழே திறந்த தளம் இருக்கும். அதனால் மேல் தட்டுக்களைப் பின்பக்கம் முழு நீளத்துக்கும் ஒட்டாமல் விட்டுவிடுங்கள்.

விமானத்தளம்

தளத்தின் நீளம் 173.7 மீட்டர், நம் அளவில் 49.6 சென்ரிமீற்றர். ஒரே துண்டாக 1 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டுங்கள். இணைத்த துண்டு என்றைக்காவது கோடு காட்டும்.

அமெரிக்க, ஜப்பானிய விமானந்தாங்கிகளின் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் தளத்தில் மரப்பலகைக் கோடுகள் கீறத் தொடங்குவார்கள். ஹெர்மிஸின் தளம் ஓர் அங்குலத் தடிப்புள்ள உருக்கு. பலகைக் கோடு ஒன்றுகூட வேண்டாம். கீற வேண்டியது முன்னும் பின்னும் இருக்கும், விமானங்களைத் தளத்துக்கு ஏற்றி இறக்கும் இரண்டு தூக்கிகளின் விளிம்புகளைத்தான். தூக்கி ஒவ்வொன்றும் பக்கத்துக்குச் சுமார் 31 மில்லிமீற்றர் வரும். இழுத்துக் கீறினால் ஓரம் உதிரும். கத்தியின் முதுகுப்புறத்தால் மெல்ல மூன்று நான்கு முறை ஓட்டுங்கள்.

கோபுரமும் பீரங்கிகளும்

கோபுரம் வலது பக்கம். புகைபோக்கி, கட்டளை மேடை, மூன்று கால் கொண்ட பெரிய கம்பம், அதன் உச்சியில் கண்காணிப்பு மேடை எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். 1942க்கு நெருக்கமான புகைப்படங்களைப் பார்த்தே இந்தப் பகுதியைச் செய்ய வேண்டும். வெளிச்சுவர்களுக்கு அரை மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு வேண்டாம். உள்ளே தெரியாத சட்டங்களுக்குக் காலாவதியான வங்கி அட்டைகள் அருமையான பொருள், 0.76 மில்லிமீற்றர் தடிப்பு, நேராக இருக்கும், பி.வி.சி. என்பதால் பைப் கம் பிடிக்கும். மூன்று கால் கம்பத்துக்குப் பித்தளைக் கம்பி நல்லது. பிளாஸ்டிக்கில் செய்தால் கயிறு கட்டும்போது வளைந்துவிடும்.

பீரங்கிக் குழல்களை நன்றாகச் செய்தால் மாதிரி முழுவதுமே உயர்ந்து நிற்கும். ஹெர்மிஸின் பக்கங்களில் 5.5 அங்குலப் பீரங்கிகள் பக்கத்துக்கு மூன்று என்று ஆறு இருந்தன. குழல் நீளம் வாயகலத்தின் 50 மடங்கு, அதாவது 275 அங்குலம், ஏறக்குறைய 7 மீட்டர். நம் அளவில் 20 மில்லிமீற்றர். அதில் ஒரு பகுதி கேடயத்துக்குள் மறைந்துவிடும். வாய்ப்பக்கத் தடிப்பு முக்கால் மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். மருந்துக் கடையில் விற்கும் 22 நம்பர் ஊசி, கறுப்பு அடி உள்ளது, வெளிவிட்டம் 0.7 மில்லிமீற்றர். உள்ளே துளையோடு வருவதால் பீரங்கியின் வாயை நீங்கள் துளைக்கவே தேவையில்லை. விமானத்தளத்தில் இருக்கும் 4 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு 25 நம்பர், செம்மஞ்சள் அடி உள்ளது. அதை 13 மில்லிமீற்றரில் வெட்டுங்கள். புதிய ஊசியை மட்டும் வாங்குங்கள். குறட்டால் நறுக்கினால் நுனி நசுங்கித் துளை அடைபடும். முக்கோண அரத்தால் சுற்றிவரக் கீறி ஒடித்து, கூரான நுனியை முதலில் தேய்த்து அகற்றிவிட வேண்டும். வெட்டும்போது துண்டு பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கங்களில் வரிசையாக வரும் வட்ட யன்னல்களுக்கு 1 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த துளை. துளை சிறிதாகவோ பெரிதாகவோ இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள், வரிசை கோணினால் தெருவில் போகிறவருக்கும் தெரியும். மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் கோடு வரைந்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் குத்திவிட்டுக் கையால் திருகும் டிரில்லால் துளையுங்கள்.

தளத்தைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வலைக்கு நுளம்பு வலை சரிவராது. அதன் ஒரு கண் நம் அளவில் அரை மீட்டர் ஆகிவிடும். துணியில் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங் வேலைக்குப் பயன்படும் மெல்லிய வலைத்துணி கிடைத்தால் அதுதான் பொருத்தம். கம்பக் கயிறுகளுக்குக் கடையில் கிடைக்கும் மிக மெல்லிய தங்கூசி. பெரிய மீனுக்குப் போடும் தங்கூசி வேண்டாம், 0.1 மில்லிமீற்றர் என்றால்கூட உண்மையில் 35 மில்லிமீற்றர் கயிறு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வர்ணம்

பிரித்தானியக் கடற்படையின் சாம்பல் நிறங்களுக்கு எண்கள் உண்டு; 507ஏ இருண்டது, 507சி வெளிறியது. வெப்பமண்டலக் கடல்களில் இருந்த கப்பல்களுக்கு வெளிறிய சாம்பல் பொதுவானது. போர்க்காலத்தில் உருமறைப்புத் திட்டுக்கள் சேர்ந்தன. அன்று ஜப்பானிய விமானங்களிலிருந்து எடுக்கப்பட்ட, கப்பல் சாய்ந்து மூழ்கும் படங்களில் புகையும் நிழலும் கலந்திருக்கும். அவற்றை மட்டும் பார்த்துத் திட்டுக்களின் எல்லையை முடிவு செய்யாதீர்கள். அதே வருடம் எடுத்த மற்றப் படங்களோடு வைத்து ஒப்பிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் கருமையும் வெளிறலும்தான் சொல்லும், நிறத்தைச் சொல்லாது. எந்த நிறத்தை எடுத்தாலும் பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்து வெளிறச் செய்யுங்கள். தூரத்தில் இருக்கும் பெரிய பொருள் எப்போதும் வெளிறித்தான் தெரியும். சிறிய மாதிரியில் முழு நிறம் பூசினால் பொம்மையாகிவிடும். பளபளப்பே கூடாது.

வர்ணக் கடைகளில் நிறத்தைக் காட்டிக் கலந்து வாங்கலாம். கார் பிரைமர் ஸ்ப்ரே நல்லதுதான், ஆனால் மெல்லிய பிளாஸ்டிக்கைக் கரைக்கும்; கழித்த துண்டில் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரே தடவையில் நனையாமல் மெல்லிய படலமாக அடியுங்கள். எந்த மாதத்தில் அடிக்கிறோம் என்பதும் முக்கியம். மாரியில் ஈரக்காற்றில் அடித்தால் வர்ணம் வெளுத்துப் பூத்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் பிற்பகலில் அடித்தால் முற்றத்துத் தூசு முழுவதும் ஒட்டும். வர்ணம் பரப்பைத் தொடுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகவும் போகும். அந்த மாதங்களில் அதிகாலைதான் நேரம். இரவே முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து வைத்தால் தூசு கிளம்பாது.

துருவை அளவோடு வையுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்புதான் பழுதுபார்த்துக் கடலுக்கு வந்த கப்பல். நங்கூரத் துளையின் கீழும், நீர் வெளியேறும் துளைகளின் கீழும் மெல்லிய கோடு போதும்.

கடலும் கண்ணாடிப் பெட்டியும்

சித்திரை மாதத்தில் நம் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாடை ஓய்ந்து, கச்சான் தொடங்காத நேரம்; பெரிய அலை இருக்காது. அதனால் அடித்தளத்தில் உயர்ந்த அலைகள் வேண்டாம், கப்பல் கிழித்துக்கொண்டு போகும் முன்னலையும் பின்னால் நீளும் வெள்ளைத் தடமும் தெளிவாக இருக்கட்டும். ஹெர்மிஸின் உச்ச வேகம் மணிக்கு 25 கடல் மைல். அன்று அது மெதுவாகப் போய்க்கொண்டிருக்கவில்லை.

அடித்தளத்துக்கு ரெஜிபோம் எடுங்கள். அதன் மேல் வெள்ளைக் கம்மில் நனைத்த டிஷ்யூத் தாளை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி, ஈரமாக இருக்கும்போதே சுருக்கங்களைத் தூரிகையால் அலையாகத் திருத்துங்கள். தாள் மூடாத இடத்தில் ஸ்ப்ரே பட்டால் ரெஜிபோம் கரைந்து குழி விழும். நிறம் வாவியின் பச்சை கிடையாது. ஐந்து கடல் மைல் வெளியே ஆழ்கடல் நீலம். வள்ளத்தில் வெளியே போய் வருபவர்களோடு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து கலந்தால் சரியாக வரும். மேலே பளபளப்பான வார்னிஷ் பூசுங்கள். கப்பல் மங்கலாகவும் கடல் பளபளப்பாகவும் இருக்க வேண்டும்.

கப்பல் வடக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கரை அதன் இடது பக்கம். கோபுரம் இருப்பதோ வலது பக்கம், கடலைப் பார்த்த பக்கம். அன்று காலை கரையிலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் கண்டது நீண்ட தட்டையான தளத்தையும் அதற்கு அப்பால் எழுந்து நின்ற கோபுரத்தையும்தான். பெட்டியை வைக்கும்போது பார்வையாளர் நிற்கும் பக்கம் இடது பக்கமாக இருக்கட்டும். விபரமான கோபுரத்தைக் காட்டத்தான் மனம் வரும்; அதற்குப் பெட்டியின் பின்சுவரைக் கண்ணாடியாகவே விட்டுவிடுங்கள், சுற்றிவந்து பார்க்கலாம்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, மாரி தொடங்குமுன் மாற்றுங்கள். பெயர்த்தகட்டில் கப்பலின் பெயர், திகதி, இடம், 307 என்ற எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். கப்பலில் இருந்து எடுத்தது என்று சொல்லி யாராவது ஓர் இரும்புத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். அது அத்தனை பேரின் கல்லறை. அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது.

அடித்தளப் பலகையை வெட்டுமுன் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும். வாம்பயரும் அன்றே, அதே கடலில் மூழ்கியது. அதன் நீளம் 95 மீட்டர், 1/350இல் 27 சென்ரிமீற்றர். அதையும் பிறகு செய்து பக்கத்தில் வைக்கும் எண்ணம் இருந்தால், பலகையை ஒரு மீட்டர் நீளத்துக்கு இப்போதே வெட்டி, ஹெர்மிஸை நடுவில் வைக்காமல் ஒரு பக்கம் தள்ளிப் பொருத்துங்கள்.